"பால் பத்தல, சாமி"

"தாய்ப்பால் தருவது இயற்கை, அதற்குப் பயிற்சி எதற்கு?" என்று கற்றறிந்தவர்களே நம்மிடம் வினவுவதுண்டு. பசுவுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். பால் சுரப்பது இயற்கைதான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தையை மார்பில் எப்படிப் பொருத்துவது, அழுகையெல்லாம் பசிதானா என்பன ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பவை. முன்பு அவற்றைக் கற்பித்தவர்கள் வீட்டு மூதாட்டியரும் மருத்துவச்சியும். அவர்களைக் குறையின்றிப் புகழவும் இயலாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்தவர்களும் அவர்களே.

இன்று தமிழகத்தில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. அப்படியிருந்தும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெற்றவை நூற்றுக்கு 55. இந்திய அளவிலோ 64. கட்டில் உண்டு, மருத்துவர் உண்டு. தாயின் அருகில் அமர்ந்து பொறுமையாய்ச் சொல்லித்தர ஆள் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்த மாநிலத்தில் அந்தத் துணை இன்னும் கூடுதலாய் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குக் குழந்தையை ஆசீர்வதிக்கச் சென்றிருந்தோம். பிறந்து மூன்று வாரம். அலமாரியில் பால்மாவு டப்பா. "பால் பத்தல, சாமி. ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார் மாமியார். இளந்தாய் குற்றம் புரிந்தவளைப்போலத் தலைகுனிந்து நின்றாள். அந்நேரம் கிராம சுகாதாரச் செவிலியர் வரவே, நாம் திண்ணைக்கு வந்துவிட்டோம். அரைமணி நேரம் அவர் உள்ளே இருந்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டுமே கவ்வியிருக்கிறது. அதைச் சரிசெய்து காட்டியிருக்கிறார். "டப்பாப் பால் குடுக்கக் குடுக்கப் புள்ள மார்ல சப்புறது குறையும். சப்புறது குறைஞ்சா ஊறுறதும் குறையும், சாமி" என்று வெளியே வந்து விளக்கினார். நான்கு ஆண்டு இறையியல் வகுப்பில் இத்தனை தெளிவான வாதத்தை நாம் கேட்டது அரிது. மேலும் மூன்று முறை அவர் அவ்வீட்டுக்கு வந்தார். இரண்டு வாரத்தில் டப்பாவுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

பால்மாவு விளம்பரத்தையும், தாய்மாருக்கு இலவச மாதிரி வழங்குவதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நல்ல சட்டம். ஆயினும் 'பத்தல' என்னும் அச்சத்தைச் சட்டத்தால் தடைசெய்ய இயலாது.

இது நம் ஒரு கண் கண்ட செய்தி மட்டுமன்று. அரியானாவில் அங்கன்வாடிப் பணியாளர்கள், துணைச் செவிலியர்கள், மருத்துவச்சிகள் ஆகியோருக்குப் பயிற்சி அளித்து நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. பயிற்சி நடந்த ஊர்களில் மூன்றாம் மாதத்தில் நூற்றுக்கு 79 குழந்தைகள் தாய்ப்பால் மட்டுமே பருகின. மற்ற ஊர்களில் 48. வயிற்றுப்போக்கும் குறைந்திருந்தது. டாக்கா நகரில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் ஒவ்வொரு தாயையும் பதினைந்து முறை வீடு தேடிச் சென்றார்கள். ஐந்தாம் மாதத்தில் அவர்கள் சென்ற வீடுகளில் நூற்றுக்கு 70. செல்லாத வீடுகளில் 6! அது 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு. அப்பெண்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். அதே தெருக்களில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள்.

பயிற்சி பெற்ற செவிலியரும் நாள்தோறும் வர இயலாது. சட்டம் தரும் 26 வாரப் பேறுகால விடுப்போ வயல் வேலைக்குச் செல்லும் தாயை எட்டுவதில்லை. அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைக்கவும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் பக்கத்து வீடுதான் உண்டு. ஆகவே நம் பங்கின் அன்பியக் கூட்டங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை செவிலியரை அழைத்துப் பேசச் செய்கிறோம். கருவுற்ற பெண்கள் அழைக்காமலே வந்துவிடுகிறார்கள். மாமியார்களுக்கு மட்டும் நாமே வீடுவீடாகச் சென்று சொல்லி, முன்வரிசையில் பாய் விரித்து வைக்கிறோம்.