'இஃப்' என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்க நான் முறையாகக் கற்றுக்கொண்டது 1979ஆம் ஆண்டில். அப்போது தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய நிலாவரை இலைச் சரக்கு மூன்று வாரம் தாமதமாகிவிட்டது. வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'தாமதத்தால் தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்னும் பொருள்பட, பள்ளியில் படித்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி எழுதினேன்.

அலுவலகத்தின் மூத்த சுருக்கெழுத்தாளர் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையார். அவர் என் கடிதத்தைப் படித்துவிட்டு 'இஃப்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். "சரக்கு மூன்று வாரமாகப் போய்ச் சேரவில்லை. சிரமம் ஏற்பட்டதா இல்லையா என்று அவரிடமே கேட்கிறீர்களா?" என்றார்.

அன்று அவர் கற்பித்தவை இன்றும் நினைவில் உள்ளன. ஒரு செயலைச் செய்யுமுன் 'எக்ஸ்கியூஸ் மீ'. செய்த பின் 'சாரி'. காதில் விழாததைத் திரும்பச் சொல்லக் கேட்க 'பார்டன்'. இவை நடைபாதை மரியாதைகள். உண்மையான தவறு நேர்ந்துவிட்டாலோ, 'தவறு நிகழ்ந்துவிட்டது' என்று எழுதலாகாது. 'நாங்கள் தவறினோம்' என்று எழுத வேண்டும். 'சாரி'க்குப் பின் 'பட்' வரலாகாது. வந்தால் முன்னே சொன்னது அழிந்துபோகும். காரணத்தை அவர் கேட்டால் சொல்லலாம். இழப்பை எப்படி ஈடுசெய்வோம் என்பதைக் கேளாமலே சொல்ல வேண்டும்.

பின்னாளில் அகராதிகளைப் புரட்டியபோது வியப்பான செய்திகள் கிடைத்தன. 'அப்பாலஜி' என்பதன் கிரேக்க மூலத்துக்குத் தன்னிலை விளக்கம், எதிர்வாதம் என்றே பொருள். கர்தினால் நியூமன் 1864இல் எழுதிய நூலின் தலைப்பில் அச்சொல் இருப்பதும் அப்பொருளில்தான். தம் சமய வாழ்வுக்கு அவர் அளித்த விளக்கம் அது. 'சாரி' என்பதோ வலி என்னும் பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, ஒரு சொல்லின் வேரில் வழக்காடுதல். மற்றதன் வேரில் வலி.

அலுவலகக் கடிதங்களில் நான் தேர்ச்சி பெற்றேன். ஆனால் வீட்டில்?

1984இல் எங்கள் தந்தை காலமானார். மருத்துவச் செலவு முழுவதையும் தம்பிதான் கவனித்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவினர் அனைவரும் முற்றத்தில் அமர்ந்திருக்க, "நான் அனுப்பிய பணத்துக்குக் கணக்கு எங்கே?" என்று அவனிடம் கேட்டேன். அவன் பதில் பேசாமல் எழுந்து போனான். நான் அனுப்பிய பணம் போதாமல், மனைவியின் சங்கிலியை அவன் அடகு வைத்திருந்தான். அது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

உடனே கடிதம் எழுதினேன். 'நான் சொன்னது உன் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள். அன்றைய மனநிலை அப்படி.' பதில் வரவில்லை. இரண்டு கிறிஸ்து பிறப்பு விழாக்களுக்கும் அவன் வரவில்லை. நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டேனே, அவனுக்குத்தான் மனம் இளகவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

1986 அக்டோபரில் ஒருநாள், புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒரு கடித வரைவைக் கொண்டுவந்தார். அதில் அதே 'இஃப்'. வழக்கம்போல் சிவப்பு வட்டம் போட்ட என் கை அப்படியே நின்றுவிட்டது. முன்பின் அறியாத வெளிநாட்டு வணிகருக்கு எழுதத் துணியாத சொல்லை உடன்பிறந்தவனுக்கு எழுதியிருந்தேன். புண்பட்டிருந்தால் என்றேன்; புண்பட்டதை என் கண்ணால் கண்டிருந்தும்.

மன்னித்தலுக்கு நம் மொழியில் 'பொறுத்தல்' என்றொரு சொல் உண்டு. சுமையைத் தாங்குவதற்கும் அதுவே சொல். சுமக்கச் சொல்பவன் சுமையின் எடையை மறைக்கலாமா? தம்பியின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு, பாரம் இருந்தால் பொறுத்துக்கொள் என்று நான் எழுதியிருந்தேன்.

அந்த நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊருக்குச் சென்றேன். தந்தையின் கல்லறையில் மந்திரிப்பு முடிந்து, அதே உறவினர்கள் அதே முற்றத்தில் கூடியிருந்தார்கள். நெஞ்சு படபடத்தது. "தம்பி, அன்று இவர்கள் எல்லாருக்கும் முன்னால் உன்னைக் களவாளி போல நிறுத்திக் கணக்குக் கேட்டேன். நீ நகையை அடகு வைத்து அப்பாவைப் பார்த்தாய். நான் செய்தது தவறு. அடகை மீட்கும் பொறுப்பு என்னுடையது" என்றேன். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் இல்லை. அது அவன் தர வேண்டியது, நான் தண்டுவதற்கில்லை.

அவன் நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அண்ணே, சாப்பிட வாங்க" என்றான்.

அந்த அம்மையார் இப்போது உயிரோடில்லை. வணிகக் கடிதத்துக்காக அவர் போட்ட சிவப்பு வட்டம் எங்கள் குடும்பத்துக்கும் பயன்பட்டதை அவரிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.