பின் ஆக்சிலில் ஒரு பூட்டு

போடிமெட்டு மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னால், போடிநாயக்கனூரின் ஓரத்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளும் பிக்கப்புகளும்தான் அங்கே வாடிக்கை. நான் போன காலையில் பின்சக்கரங்கள் கழற்றிய மஹிந்திரா தார் ஒன்று ஸ்டாண்டில் நின்றது. மேஸ்திரி அடியில் படுத்தபடியே டிரெயின் பிளக்கைத் திருகினார். கறுத்த தொண்ணூறு கியர் ஆயில் தட்டில் இறங்க, கந்தக நெடி எழுந்தது.

பிளக்கின் முனையில் காந்தம். அதில் ஒட்டியிருந்ததை விரலில் வழித்துத் தேய்த்துப் பார்த்தார். "மையா இருந்தா தேய்மானம் சார், பயமில்ல. நறநறன்னா உள்ள ஏதோ ஒடஞ்சிருக்கு." அன்று நறநறத்தது.

வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் டிஃபரன்ஷியல். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அது சும்மா சுழலும். தரையைப் பிடித்து நிற்கும் மற்றச் சக்கரம் அசையாது. 2015 தாரிலிருந்து சில வகைகளில் பின் ஆக்சிலில் இதற்கு ஒரு தானியங்கிப் பூட்டு உண்டு. சுவிட்ச் கிடையாது. இரு சக்கரங்களின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால், உள்ளிருக்கும் சிறு எடைகள் விரிந்து கொக்கியில் மாட்டும். பிளேட்டுகள் நெருக்கப்பட்டு இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுழலும்.

"மல ஒடைக்கல சார், காலு ஒடைக்குது," என்றார் மேஸ்திரி. சக்கரம் வழுக்கியதும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார். வெறிகொண்டு சுழலும் அந்தக் கணத்தில் பூட்டு விழுகிறது. மொத்த அதிர்ச்சியும் விரலளவு பாகங்களில் இறங்குகிறது. நிதானமாக மிதியைக் கூட்டினாலே போதும், 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும்.

உதவிக்கு நின்ற பையன் பிளேட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே நாளிதழ்த் தாளில் அடுக்கினான். சில பளபளத்தன. ஏற்கெனவே வேறொரு பட்டறையில், நல்லது செய்வதாக நினைத்து, ஆயிலோடு வழுக்கு மருந்தையும் ஊற்றியிருந்தார்கள். எல்.எஸ்.டி. எனப்படும் பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப்புக்குப் பெரும்பாலும் அந்த மருந்து வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் பிளேட்டுகள் முனகும். இந்தப் பூட்டுக்கோ அது ஆகவே ஆகாது, பிடிப்பே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஹவுசிங்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே எது என்று கேட்காமல் ஆயில் ஊற்றுவதை அலட்சியம் என்றுதான் நான் சொல்வேன்.

பக்கத்தில் எல்.எஸ்.டி. பொருத்திய பழைய ஜீப். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, நியூட்ரலில் வைத்து ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார்கள். டார்க் ரெஞ்ச்சால் சுழற்றினால் சக்கரம் கனமாக எதிர்க்க வேண்டும். இதுவோ கையாலேயே சுற்றியது, பிளேட்டுகள் தீர்ந்துவிட்டன. பையன் சாவியை எடுத்ததும் மேஸ்திரி சத்தம் போட்டார்: "ஒத்தச் சக்கரம் தரையில இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி கியர் போட்டுறாதடா! ஜாக்கிய விட்டுப் பாஞ்சிரும்."

அந்த ஜீப்பின் வலது பின்டயர் புதிது, இடது தேய்ந்தது. சுற்றளவு வேறுபடுவதால், நேர்ச்சாலையிலும் பிளேட்டுகள் ஓயாமல் உரசியிருக்கின்றன. ஆக்சிலின் ப்ரீதர் குழாயும் மண்ணடைத்துக் கிடந்தது. சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்காற்று சுருங்கும். குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால்நிறமாகியிருந்தது.

தோட்ட முதலாளிகள் டயருக்குத் தயங்குவதில்லை. ஆயில் மாற்றவும், இந்தக் கைகளின் கணிப்புக்குக் கூலி கொடுக்கவும்தான் பேரம் பேசுகிறார்கள். அந்த வண்டிகளில் விடியற்காலையில் மலையேறுவது கூலிக்குப் போகும் பெண்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

இரண்டு டயரையும் ஒரே அளவில் கொண்டுவந்தால்தான் புதுப் பிளேட் போடுவேன் என்று ஜீப்காரரிடம் மேஸ்திரி சொல்லிவிட்டார். பிறகு பெயிண்ட் டப்பாவை எடுத்து, தாரின் ஹவுசிங்மேல் வெள்ளையில் எழுதினார்: 'மருந்து ஊற்றாதே.'