மலை விடுதியில் ஒரு வெள்ளிக்கிழமை

ஜெர்மனி நாட்டின் தென்கிழக்குக் கோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பெர்க்டஸ்காடன் மலைநாடு. 2713 மீட்டர் உயரமுள்ள வாட்ஸ்மன் சிகரம் இப்பகுதிக்கு மகுடம் போன்றது. அதன் அருகேயுள்ள பள்ளத்தாக்கு ஒன்றில், 1512-ஆம் ஆண்டில் எழுந்த புனித செபஸ்தியார் ஆலயத்தையும் ஒரு சிற்றாற்றையும் கொண்டு விளங்குகிறது ராம்சாவ் என்னும் சிற்றூர். மியூனிக் நகரில் பணிபுரியும் எங்கள் மகன், இவ்வூரின் மலைச்சரிவில் உள்ள பாரம்பரிய விடுதி ஒன்றில் மூன்று இரவுகள் தங்க ஏற்பாடு செய்திருந்தான்.

புறப்படும் முன் எங்களுக்கு இருந்த கவலை ஒன்றே. நாங்கள் முட்டையும் தொடாத சைவர்கள். நடுநாளோ வெள்ளிக்கிழமை. என் துணைவியார் நாற்பது ஆண்டுகளாக வெள்ளிதோறும் அம்பாளை வேண்டி ஒருபொழுது இருப்பவர். இறைச்சி உணவுக்குப் பெயர்பெற்ற பவேரியாவில் அந்த நியமம் நிலைக்குமா?

இத்தகைய விடுதியை அங்கே 'காஸ்ட்ஹோஃப்' என்கிறார்கள். பெரும்பாலும் ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருவது. கீழ்த்தளம் வெள்ளையடித்த சுவர், மேல்தளம் மரம். அகன்று தாழ்ந்த கூரை. மரத்தாலான மாடமெங்கும் சிவந்த ஜெரேனியம் பூந்தொட்டிகள். வாயிலில் நுழைந்ததும் காதில் விழுந்த சொல் 'குரூஸ் காட்'. 'கடவுள் உம்மை வாழ்த்தட்டும்' என்பது அதன் பொருள். கடையிலும் வழியிலும்கூட அப்பகுதி மக்கள் ஒருவரையொருவர் இறைவன் பெயராலேயே வாழ்த்திக்கொள்கிறார்கள்.

விடுதியின் உயிர்நாடி 'ஷ்டூபே' எனப்படும் உணவுக்கூடம். சுவர் முழுவதும் மரப்பலகை. ஒருபுறம் பச்சை ஓடுகள் பதித்த பெரிய கணப்பு. அதைச் சுற்றிக் குளிர்காய மரப்பலகை இருக்கை. கூடத்தின் ஒரு மூலையில், உயரத்தில் சிலுவைத் திருவுருவம். இதற்கு 'ஹெர்காட்ஸ்விங்கெல்', அதாவது 'ஆண்டவனின் மூலை' என்று பெயர். பழைய குடியானவர் வீடுகளில் குடும்பத்தார் உண்ணும் மேசையை இம்மூலையின் கீழேதான் இடுவார்களாம். நம் இல்லங்களில் பூஜைக்குத் தனி இடம் உண்டு. இவர்களோ இறைவனின் பார்வையிலேயே அமர்ந்து உண்கிறார்கள்.

வாசல் நிலையின் மேல் சுண்ணக்கட்டியால் ஆண்டின் எண்களும், நடுவே மூன்று எழுத்துகளும் எழுதப்பட்டிருந்தன. ஜனவரி 6 மூன்று அரசர்கள் திருநாள். அதையொட்டிச் சிறுவர்கள் அரசர் வேடம் பூண்டு வீடுவீடாகச் சென்று, பாட்டுப் பாடி, ஏழைக் குழந்தைகளுக்குப் பொருள் திரட்டி, இந்தக் குறியை எழுதிச் செல்கிறார்கள். 'கிறிஸ்து இவ்வில்லத்தை ஆசீர்வதிப்பாராக' என்னும் லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. மார்கழிக் கோலமும் மாவிலைத் தோரணமும் நினைவுக்கு வந்தன.

வெள்ளிக்கிழமை காலை, மரவீட்டு அறையில் தீபம் ஏற்ற இயலாததால், என் துணைவியார் சாளரத்தின் வழியே தெரிந்த பனிச்சிகரத்தை நோக்கியபடி ஸ்லோகங்களைச் சொல்லி முடித்தார். நண்பகலில் கூடத்திற்கு வந்தோம். மகன் வாயிலாக எங்கள் நியமத்தை விடுதித் தலைவியிடம் எடுத்துரைத்தோம். அந்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை. "எங்களுக்கும் வெள்ளிக்கிழமை விரதநாள்தான். என் பாட்டி இருந்தவரை அன்று இவ்வீட்டில் இறைச்சி சமைத்ததில்லை" என்றார்.

கத்தோலிக்க சமயத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்குவது தொன்றுதொட்டு வரும் நியமம். பாலாடைக்கட்டி சேர்த்த 'கேஸ்ஷ்பாட்ஸன்', இனிப்பான 'கைஸர்ஷ்மாரன்' போன்ற மாவுப் பண்டங்கள் அத்தகைய நாட்களுக்கு ஏற்றவையாக இருந்து வந்துள்ளன. ஆனால் அவற்றில் முட்டை உண்டு என்பதை அம்மையாரே சொல்லிவிட்டார். சமையற்கூடத்திற்குச் சென்று விசாரித்து வந்து, "சூப் வேண்டாம், எலும்புச் சாறு கலந்தது; உருளைக்கிழங்கு சாலடிலும் இறைச்சிச் சாறு உண்டு; முட்டைக்கோஸில் பன்றிக் கொழுப்பு உண்டு" என்று ஒவ்வொன்றாக விலக்கினார். பிறகு தனிப் பாத்திரத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கு, வெண்ணெய், ரை என்னும் தானிய மாவின் கரிய ரொட்டி, வெள்ளரியும் கீரையும், மசித்த ஆப்பிள் ஆகியவை வந்தன. எளிய உணவுதான். எனினும் பிறர் விரதத்தைத் தம் விரதம்போல் காத்துத் தந்த உணவு. என் துணைவியார் கைகூப்பினார். அம்மையாரும் அவ்வாறே கைகூப்பினார்.

கணக்குப் பார்த்தே காலம் கழித்த எனக்கு அவர்கள் பணம் பெறும் முறையும் பிடித்தது. பரிமாறுபவரே பெரிய பணப்பையுடன் மேசைக்கு வந்து, 'சேர்த்தா, தனித்தனியா?' என்று கேட்டு, அங்கேயே கூட்டி, மீதியும் தந்துவிடுகிறார்.

மூன்றாம் நாள், அருகிலுள்ள கோனிக்ஸே ஏரிக்குச் சென்றோம். 1909 முதல் இங்கு மின்சாரப் படகுகளே ஓடுவதால் ஏரி மாசற்றுத் திகழ்கிறது. கரையில் மலைக்குடியானவர்களின் காவலரான புனித பர்த்தலோமேயு ஆலயம். அதை ஒட்டியே, முன்னாளில் பவேரிய மன்னர்களின் வேட்டை மாளிகையாக இருந்த உணவு விடுதி. ஆஸ்திரியாவின் மரியா ஆல்ம் ஊரிலிருந்து பக்தர்கள் 2000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தைக் கடந்து, ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியில் இங்கே பாதயாத்திரையாக வருகிறார்கள்.

செல்ல விரும்புவோர் மியூனிக்கிலிருந்து ரயிலில் ஃபிரைலாஸிங் சென்று, அங்கு மாறி பெர்க்டஸ்காடனை அடையலாம். ராம்சாவுக்குப் பேருந்து உண்டு. பல விடுதிகளுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. இரவில் சமையல் விரைவில் முடிந்துவிடும். ரொக்கம் கையில் இருப்பது நலம். மூட்டுவலி உள்ளோர் கீழ்த்தள அறையை முன்கூட்டியே கேட்டுப் பெறவும். நம் உணவு நியமத்தைக் கூச்சமின்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரதத்தின் அருமை அறிந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.