நிலமும் பொழுதும் நிழலும்

இன்பத்தை நாடுவது மனித இயல்பு. ஆயினும் துன்பத்தைக் காசு கொடுத்துக் காணவும் மனிதன் தயங்குவதில்லை. பகல் முழுதும் உழைத்துக் களைத்தவன், மாலையில் திரையரங்கிற்குச் சென்று, யாரோ ஒருவனுடைய வீழ்ச்சியைக் கண்டு கண்ணீர் வடித்துவிட்டு, உள்ளம் இலேசாகி இல்லம் திரும்புகின்றான். இது முரண் போலத் தோன்றும். எனினும் கலையின் அடிப்படை உண்மைகளுள் இதுவும் ஒன்று. இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வழியே உள்ளத்தைத் தூய்மை செய்வது அவல நாடகத்தின் பயன் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். தொல்காப்பியரோ மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையை ஒன்றாக வைத்து, பிறரால் இழிவுறுதல், இழத்தல், பழைய நிலையினின்று தாழ்தல், வறுமையுறுதல் என அதற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். ‘தேவதாஸ்’ (1953), ‘பாசமலர்’ (1961) போன்ற படங்களைக் கண்டு தமிழுலகம் சிந்திய கண்ணீரெல்லாம் இந்த நான்கு வாய்க்கால்களின் வழியே வந்ததுதான்.

ஆனால், அழுகை வேறு, இருள் வேறு. அவலப் படத்தில் நல்லவன் வீழ்கின்றான். காண்பவன் அவனுக்காக அழுகின்றான். அழுத பின்னர் ஐயம் எதுவும் எஞ்சுவதில்லை. இருட்படத்திலோ வீழ்பவன் நல்லவன்தானா என்பதே தெரிவதில்லை. அழுவதா, வெறுப்பதா என்று அறியாமல் காண்பவன் திகைக்கின்றான். அரங்கின் விளக்குகள் எரிந்த பின்னரும் அந்தத் திகைப்பு அவனுடன் வீடுவரை வருகின்றது.

1946ஆம் ஆண்டில் நீனோ பிராங்க் என்னும் பிரெஞ்சுத் திறனாய்வாளர், போர் முடிந்தபின் பாரிஸ் நகருக்கு வந்து சேர்ந்த அமெரிக்கக் குற்றப் படங்கள் சிலவற்றைக் கண்டு, ‘பிலிம் நுவார்’ என்று எழுதினார். கறுப்புப் படம் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் மலர்ந்த அச்செடியின் வேர்களுள் ஒன்று ஜெர்மனியில் இருந்தது. ‘எம்’ (1931) என்னும் படத்தை இயக்கிய பிரிட்ஸ் லாங் போன்ற கலைஞர்கள், ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஹாலிவுட்டை அடைந்தபோது தங்கள் நிழல்களையும் உடன் கொண்டு சென்றனர். அவ்வாறு சென்ற பில்லி வைல்டர் 1944இல் ‘டபுள் இன்டெம்னிட்டி’ என்னும் படத்தை இயக்கினார். காப்பீட்டு முகவன் ஒருவன், பிறன்மனைவி ஒருத்தியின் சொற்கேட்டு அவள் கணவனைக் கொல்ல உடன்படுகின்றான். சன்னல் தட்டிகளின் நிழல் கோடுகோடாகப் படத்தில் விழுகின்றது. காவலர் இன்னும் வரவில்லை. சிறைக்கம்பிகள் முன்னரே வந்துவிட்டன!

இஃது ஒளிப்பதிவாளரின் வித்தை மட்டும் அன்று. தமிழ் கற்றவர்க்கு இதன் இலக்கணம் புதியதும் அன்று. அகப்பாட்டின் முதற்பொருள் நிலமும் பொழுதும் என்றனர் முன்னோர். முல்லைக்குக் காடும் மாலையும்; குறிஞ்சிக்கு மலையும் யாமமும். தலைவி தன் ஏக்கத்தை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னரே காடும் மாலையும் அதைச் சொல்லிவிடுகின்றன. அதுபோலவே இருட்படத்திற்கு நிலம் மாநகரம், பொழுது நள்ளிரவு. இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுதல் தகும். பிரிவுத் துயருக்குரிய பாலைக்கு நம் முன்னோர் வகுத்த சிறுபொழுது இரவன்று, நண்பகல். கண் கூசும் வெயிலிலும் இருள் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இந்த இருளைத் தமிழ்த்திரைக்குத் துணிந்து கொணர்ந்தவர் வீணை எஸ். பாலசந்தர். ஏவி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. திரைக்கதை அமைத்தவர் ஜாவர் சீதாராமன். ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறும் முறையில், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) அதற்கு வழிகாட்டியது. பாட்டுக்காகவே படம் பார்த்த அக்காலத்தில், இப்படத்தில் பாடலும் இல்லை, நடனமும் இல்லை. வெளிவந்தபோது மக்கள் அதனைப் பெரிதும் வரவேற்கவில்லை. புகழ் பின்னரே வந்தது.

1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியதே கதையின் பின்னணி. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டு இறந்து கிடக்கின்றான். தம்பி, தம்பியின் மனைவி, ஆசைநாயகி, அண்டை வீட்டார், மனைவி என ஒவ்வொருவர் கூற்றிலும் ஒரு புதிய ராஜன் எழுந்து நிற்கின்றான். இறுதியில் உண்மை புலப்படுகின்றது. தன் அறிவைத் தாய்நாடு மதிக்கவில்லை என்று மனம் கசந்த அவன், நாட்டின் மறைச்செய்திகளை ஜப்பானியருக்கு விற்றவன். தடுக்க முயன்ற மனைவியின் கைத்துப்பாக்கி வெடித்தே அவன் இறந்தான். ‘பராசக்தி’யில் அறிமுகமாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த சிவாஜி கணேசன் ராஜனாகவும், பண்டரிபாய் மனைவியாகவும் நடித்தனர். துரோகியின் முகத்தில் அறிவின் ஒளியும், நாட்டுப் பற்றுடையவளின் கையில் கணவனின் குருதியும்! யாருக்காக அழுவது?

சென்னையில் எடுக்கப்பட்ட இப்படம் சிங்கப்பூர்த் தமிழரை வேறொரு வகையில் தைக்கின்றது. அதே 1943 அக்டோபரில் இந்நகரம் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அம்மாதம் 17ஆம் நாள், சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போடப்பட்டு வந்த மரண ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அப்பாதையின் ஓரத்தில் மடிந்தனர். நான்கு நாள்கள் கழித்து, 21ஆம் நாள், சிங்கப்பூர்க் கேத்தே அரங்கில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். ஜப்பானியர் துணையுடன் அமைந்த அவர் படையில் தமிழ் இளைஞரும் இளம்பெண்களும் திரளாகச் சேர்ந்தனர். ஒரே மாதம், ஒரே ஜப்பான், ஒருபுறம் கல்லறை, மறுபுறம் கொடி.

தேக்காவிலிருந்து ரயிலேறினால் அரைமணி நேரத்திற்குள் வந்துவிடும் செங்காங்கில், அடுக்குமாடி வீடொன்றில், தொண்ணூறை நெருங்கிய முதியவர் ஒருவர் தம் பேரனுடன் ‘அந்த நாள்’ படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார். படம் முடிந்ததும் பேரன் கேட்டான்: “தாத்தா, அந்த ராஜன் நல்லவரா, கெட்டவரா?”

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க அண்ணன் நேதாஜி படையில சேர்ந்தார். எங்க மாமா சயாமுக்கு ரயில் போடப் போனார். ரெண்டு பேருமே திரும்பி வரல. அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே விளக்குதான் ஏத்துவாங்க.”

அவ்வீட்டில் அந்தச் செய்தி அதற்குமுன் பேசப்பட்டதே இல்லை. ஜப்பானியன் நண்பனா, பகைவனா என்னும் வினாவிற்கு அந்தத் தாயிடம் விடை இல்லை. விளக்கு மட்டுமே இருந்தது. எண்பது ஆண்டுகளாக அடைந்து கிடந்த கதவை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் திறந்துவிட்டது. தீயவன் ஒருபுறம், நல்லவன் மறுபுறம் எனப் பிரித்துக் காட்டி வெற்றி முழக்கத்துடன் முடியும் படமாக அஃது இருந்திருப்பின், பேரன் கேட்டிருக்கவும் மாட்டான். தாத்தா சொல்லியிருக்கவும் மாட்டார். தீர்ப்பு வழங்க இயலாத துயரங்களுக்கு, இருண்ட கலையே இருக்கை தருகின்றது.

இருண்ட படங்கள் இளையோர் மனத்தைக் கெடுக்கும் என அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. இன்றைய படங்கள் பலவற்றில் குருதி ஆறாக ஓடுகின்றது; கொலையே விளையாட்டாகின்றது. ஆனால், குருதி வேறு, இருள் வேறு என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் பிரித்தறிதல் வேண்டும். குருதியைக் காட்டும் படம் காண்பவனைச் சிந்திக்க விடுவதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று மட்டுமே அவனை எண்ண வைக்கின்றது. உண்மையான இருட்படமோ, அடித்தவன் ஏன் அடித்தான், அவ்விடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்பான் என்று அவனைக் கேட்க வைக்கின்றது. ‘அந்த நாள்’ படத்தில் வெடிப்பது ஒரு துப்பாக்கி, சாவது ஒருவன். அந்த ஒரு சாவின் காரணத்தை அறிய, காண்பவன் ஐந்து உள்ளங்களுக்குள் இறங்கி ஏற வேண்டியிருக்கின்றது.

வகுப்பறையில் வினாவிற்கு விடை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். வாழ்க்கை தரும் வினாக்கள் பலவற்றிற்கு விடைத்தாள் இல்லை. அவற்றின்முன் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாமல், பொறுமையுடன் நின்று பார்க்கும் பழக்கத்தை இளமையிலேயே பெறுதல் நன்று. நிழலை அறியாதவன் உருவத்தின் ஒரு பக்கத்தையே அறிவான். ஆகவே, வீட்டில் முதியவர்கள் இருக்கும்போதே, இத்தகைய படங்களை அவர்களுடன் அமர்ந்து காண்பது இளையோர்க்கு நலம் பயக்கும். படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல் சற்றுநேரம் உடனிருத்தல் அதனினும் நலம் பயக்கும்.