பதினாலு காதும் பன்னிரண்டு ரெஃபரன்ஸும்

1/ மக்களே, இன்னைக்கு டெங்கு, சர்க்கரை எதுவும் இல்லை. நான் செய்யப் பார்த்த ஒரு தப்பைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளம்தான். படிச்சுட்டு திட்டணும்னா திட்டுங்க.

2/ நான் தூத்துக்குடிப் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். முத்துக்குளித்துறைன்னு பேர் வாங்குன கரை இது. முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. ஆனா சங்கு குளிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. ஓபிக்கு வந்தா பாதிப் பேர் சொல்றது ஒண்ணுதான்: "காது வலிக்கு சார்."

3/ காரணம் சுலபம். தண்ணிக்குள்ள 10 மீட்டர் இறங்கினா உடம்பு மேல உள்ள அழுத்தம் ரெண்டு மடங்கு ஆகுது. மூக்குக்குப் பின்னால இருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. அது வழியா காத்து போய் அழுத்தத்தைச் சமன் செய்யணும். சளி பிடிச்சா அந்தக் குழாய் அடைச்சுக்கும். அப்பவும் இறங்கினா செவிப்பறை உள்வாங்கும், ரத்தம் கட்டும், சில சமயம் கிழியும்.

4/ அப்படி வந்த 14 பேரைப் பத்தி ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருந்தேன். மருத்துவக் கல்லூரியில இருக்கிற ஒரு சீனியர் பார்த்துட்டு, "இதை எழுதுடா, மாநாட்டுக்கு அனுப்பலாம்"னார். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி, டூட்டி முடிஞ்சு வந்து, செயற்கை நுண்ணறிவுகிட்ட எண்ணிக்கையை மட்டும் கொடுத்து எழுதச் சொன்னேன்.

5/ ரெண்டு நிமிஷம். முன்னுரை, முடிவு, விவாதம், 12 ரெஃபரன்ஸ். நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராத இங்கிலீஷ். சந்தோஷமா படுத்தேன்.

6/ காலையில எங்க பயிற்சி மருத்துவர் தங்கச்சிகிட்ட காட்டினேன். அது படிச்சுட்டு, "சார், அஞ்சாவது ரெஃபரன்ஸ் நல்லா இருக்கும்போல, முழுக் கட்டுரை அனுப்புறீங்களா?"ன்னு கேட்டுச்சு. பப்மெட்ல தேடினேன். அந்த ஜர்னல் நிஜம். அந்த ஆசிரியர் பேர்ல ஒருத்தர் இருக்கார். அந்தக் கட்டுரைதான் இல்லை.

7/ வேர்த்துப் போச்சு. ஒவ்வொண்ணா தேடினேன். பன்னிரண்டுல 5 உலகத்துலயே இல்லை. இன்னும் 2 இருக்கு, ஆனா உள்ள சொல்லியிருக்கிறது வேற.

8/ ஏன் இப்படி? இந்த இயந்திரம் அடிப்படையில, அடுத்து எந்தச் சொல் வந்தா பொருத்தமா இருக்கும்னு கணிச்சு எழுதுது. நூலகத்துல போய்ப் புத்தகம் எடுத்துட்டு வர்ற வேலை அது இல்லை. ரெஃபரன்ஸ் எப்படி இருக்கும்ங்கிற உருவம் அதுக்கு அத்துப்படி, அதனால உருவத்தைச் சரியா வார்த்துக் கொடுக்கும். இணையத்துல தேடிச் சொல்ற கருவிகள் இப்ப வந்தாச்சு. ஆனா கட்டுரை நிஜமா இருக்குன்னா, நாம சொல்ற விஷயம் அதுல இருக்குன்னு அர்த்தம் இல்லையே!

9/ எங்க ஆச்சி முத்தைப் பல்லுல உரசிப் பார்ப்பாங்க. அசல் நறநறங்கும், போலி வழுக்கும். அந்த ராத்திரி எனக்கு வழுக்கினதே புரியலை.

10/ இதைவிடப் பெரிய தப்பு விவாதப் பகுதியில இருந்துச்சு. "குளிப்பவர்களிடம் விழிப்புணர்வு இல்லாததே முக்கியக் காரணம், வகுப்புகள் நடத்த வேண்டும்"னு அழகா எழுதியிருந்தது. என் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதி வச்சிருந்தேன்:

"சளியோட இறங்கினா காது போகும்னு எங்க அப்பா காலத்துலயே தெரியும் சார். தண்ணி தெளிஞ்சு கிடக்கிற நாள்ல நான் வீட்டுல படுத்தா, அன்னைக்குப் பாடு யாரு தருவா?"

11/ பதினாலு பேர்ல 9 பேர் தெரிஞ்சேதான் இறங்கியிருக்காங்க. அது விழிப்புணர்வுக் குறை இல்லை, ஒரு நாள் கூலிப் பிரச்சினை. அந்தக் கட்டுரை அப்படியே போயிருந்தா, கடல்ல காதைக் கொடுத்தவரையே குற்றவாளி ஆக்கியிருப்பேன். அடுத்து எவராவது அதை மேற்கோள் காட்டுவாங்க. அப்புறம் அதுவே உண்மை ஆகிடும்.

12/ நான் மட்டும்தான் இப்படியா? 2023-ல செவிலியர் கல்வி பத்தின ஒரு ஜர்னல்ல சாட்ஜிபிடி பேர் கட்டுரை ஆசிரியரா வந்து, அப்புறம் திருத்தம் போட்டு எடுத்தாங்க. 2024 பிப்ரவரியில ஒரு ஜர்னல்ல இயந்திரம் வரைஞ்ச எலிப் படம் ஒண்ணு வந்துச்சு. உடலமைப்பும் தப்பு, அதுல இருந்த பல சொற்களும் எந்த மொழியிலயும் இல்லாதது. உலகமே சிரிச்ச பிறகு கட்டுரையைத் திரும்பப் பெற்றாங்க.

13/ மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களோட சர்வதேசக் குழு 2023 மே மாசம் விதியில தெளிவாவே சேர்த்துட்டாங்க: இயந்திரம் ஆசிரியர் ஆக முடியாது, ஏன்னா அதால பொறுப்பு ஏற்க முடியாது. பயன்படுத்தினா எங்கே, எதுக்குன்னு சொல்லணும். எழுதினதுல தப்பு இருந்தா பதில் சொல்ல வேண்டியது மனுஷன்தான்.

14/ ஏன் எல்லாரும் இதுல விழுறோம்? 2016-ல வந்த ஒரு ஆய்வு, இந்தியாவுல 579 மருத்துவ நிறுவனங்களை எடுத்துப் பார்த்துச்சு. 2005-லிருந்து 2014 வரை 332 நிறுவனங்கள்ல இருந்து ஒரு கட்டுரைகூட வரலை. இன்னொரு பக்கம், பதவி உயர்வுக்குக் கட்டுரை வேணும், பிஜி முடிக்க ஆய்வேடு வேணும். ஓபியில வரிசை வாசல் தாண்டி நிக்கும். அந்த இடத்துல ரெண்டு நிமிஷக் கருவி வந்தா கை போகத்தான் செய்யும். கட்டுரை இல்லைங்கிறது ஒரு குறை. பொய்க் கட்டுரை நூறு இருக்கிறது அதைவிடப் பெரிய குறை.

15/ அதுக்காக இதைத் தூக்கிக் கடல்ல போடச் சொல்லலை. நான் தமிழ் மீடியம். கையில விஷயம் இருந்தும் இங்கிலீஷுக்குப் பயந்து எழுதாம விட்டது எத்தனையோ. 2020-ல வந்த 7.5% உள் ஒதுக்கீட்டுல அரசுப் பள்ளிப் பிள்ளைங்க நிறையப் பேர் எம்பிபிஎஸ் வந்திருக்காங்க. அவங்களுக்கு மொழியைத் திருத்தவும், புரியாத பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவும், புள்ளியியல் கணக்கோட பயத்தைப் போக்கவும் இது பெரிய துணை. கேட்டா முகம் சுளிக்காது!

16/ இப்ப எனக்கு நானே போட்டுக்கிட்ட சட்டம் நாலு:
- நானே திறந்து படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்ட மாட்டேன்.
- முதல் வடிவம் என்னோடது, தப்பு இங்கிலீஷா இருந்தாலும் சரி. இயந்திரம் மொழியை மட்டும் திருத்தலாம்.
- நோயாளி பேர், படம், ஸ்கேன் எதையும் அதுக்குள்ள போட மாட்டேன்.
- பயன்படுத்தினதை ஒளிக்க மாட்டேன்.

17/ "இதுல எங்களுக்கு என்ன டாக்டர்?"னு கேட்பீங்க. நாளைக்கு உங்களுக்கு எழுதற மருந்துச் சீட்டு ஏதோ ஒரு கட்டுரை மேலதான் நிக்குது. அது பொய்யா இருந்தா விழுறது நாங்க இல்லை, நீங்க.

18/ மாநாட்டுக் கடைசி நாள் போயிடுச்சு. சீனியர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை, அப்புறம் "அடுத்த வருஷம் பார்ப்போம்"னார். நானே உக்காந்து திரும்ப எழுதிட்டிருக்கேன். ரெஃபரன்ஸ் இப்போதைக்கு 6-தான். ஆறையும் படிச்சாச்சு. விவாதப் பகுதியோட முதல் வரியில அந்த அண்ணாச்சியோட கேள்வி இருக்கு.

19/ அண்ணாச்சி போன வாரம் வந்திருந்தார். அவர் சொன்னதை எழுதியிருக்கேன்னு சொன்னேன். "எழுதுங்க சார், முதல்ல காதைப் பாருங்க"ன்னார். பார்த்தேன். செவிப்பறை மூடிட்டு வருது.

சளி இருந்தா தண்ணிக்குள்ள இறங்காதீங்க. இறங்கித்தான் ஆகணும்னா, முதல்ல வந்து காதைக் காட்டிட்டுப் போங்க.