மரத்தில் கை வைக்குமுன்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

கையில் அரத்தை வைத்துக்கொண்டு ஒரு மரப்பலகையின் முன் ஒரு மாத காலம் உட்கார்ந்திருந்தவன் நான். மரத்தை அராவுவதா, வேண்டாமா என்பதுதான் சிக்கல். “இதற்கு ஒரு மாதமா?” என்று நண்பர்கள் சிரித்தார்கள். சிரித்ததில் தவறில்லை. ஆனால் அந்தப் பலகை என் மாமாவின் கிதாரில் ஒட்டியிருப்பது. அராவிய மரமோ மீண்டும் வளராதது. இந்த இரண்டையும் அறிந்திருந்தால் அவர்களும் சற்றுத் தயங்கியிருப்பார்கள்.

என் தாய்மாமன் 1980களில் கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதணி விழா என எங்கு அழைத்தாலும் அந்தக் குழு போகும். 1984இல் சென்னையில் யாரோ வாசித்துக் கழித்த மின்கிதார் ஒன்றைத் தவணையில் வாங்கினார். பிறகு பேருந்து ஓட்டுநர் வேலை கிடைத்தது, குடும்பம் பெருகியது, கிதார் பரணுக்குப் போயிற்று. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அதை இறக்கித் தூசி தட்டி, “பத்திரமா வச்சுக்கடா மாப்ளே” என்று சொல்லிக் கொடுத்தார். ‘பத்திரமா’ என்ற அந்த ஒரு சொல்தான் பின்னாளில் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

முதல் ஓராண்டு திரைப்பாடல்களோடு கழிந்தது. எங்கள் தெருக்கோடியில் வீணை கற்பிக்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையோரம் நடந்து வந்தபோது உள்ளே தோடி ஒலித்தது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைந்து அசைந்துதான் அது காந்தாரமாகிறது. அசையாமல் நிறுத்தினால் அங்கே தோடி இல்லை. அன்றிரவே கிதாரில் அதை எடுத்துவிட முயன்றேன். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளியபோதெல்லாம் விரல்நுனி பலகையில் உரசி வழுக்கியது. நான் தேடிய கமகம் வரவில்லை. பூனை முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் அம்மையாரிடமே போய்க் கேட்டேன். அவர் வீணையைக் காட்டி, “என் விரல் மரத்தைத் தொடுகிறதா, பார்” என்றார். குனிந்து பார்த்தேன், தொடவில்லை. வீணையின் தண்டி மீது இருபுறமும் மெழுகுக் கரைகள். அவற்றின்மேல் 24 மெட்டுகள் ஏணிப்படிகள்போல் நிற்கின்றன. இரண்டு மெட்டுகளுக்கு இடையே இருப்பது வெற்றிடம். எனவே விரலுக்குத் தந்தி மட்டுமே தடை. ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களை அவர் எளிதாக எடுத்தார். கிதாரிலோ மெட்டின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். தந்தியை அழுத்தியவுடன் விரல் பலகையில் போய் முட்டிவிடுகிறது.

இந்த முட்டலைத் தவிர்க்க மேல்நாட்டில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இரு மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தை அராவிப் பள்ளமாக்கிவிடுவது அது. பக்கவாட்டில் பார்த்தால் பலகை சிப்பியின் ஓரம்போல் அலையலையாகத் தெரியும். ஆகவே சிப்பியின் பெயராலேயே ‘ஸ்கேலப்’ செய்தல் என்கிறார்கள். ராக் இசையில் ரிச்சி பிளாக்மோரும், அவருக்குப் பின் சுவீடன் நாட்டு இங்வே மால்ம்ஸ்டீனும் இத்தகைய கிதார்களால் பெயர் பெற்றவர்கள். நமக்கு இன்னும் நெருங்கியவர் ஜான் மெக்லாஃப்லின். வீணையும் பயின்ற இந்த ஆங்கிலேயர், 1970களின் நடுவில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தார். அதற்கென்றே பள்ளமிட்ட பலகையும் குறுக்கே ஏழு சுருதித் தந்திகளும் கொண்ட கிதாரைச் செய்வித்துக்கொண்டார். அதைப் படித்த நாளில்தான் நான் கடைக்குப் போய் அரைவட்ட அரம் ஒன்று வாங்கினேன்.

வாங்கிய அரம் மேசை மேலேயே கிடந்தது. காரணம், நான் படிக்கும் பாடம். சோனாமீட்டர் சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். அரை ஸ்வரம் உயர அதிர்வெண் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடவேண்டும். அதற்கு இழுவிசை 12 விழுக்காடு கூடினால் போதும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் இழுவிசை கூடும் என்பதில்லை. பள்ளத்துக்குள் கீழ்நோக்கி அழுத்தினாலும் கூடும். அதாவது, குழித்த பலகையில் வேண்டும்போது எளிதாக ஏறுகின்ற ஸ்வரம், வேண்டாதபோதும் எளிதாக ஏறிவிடும்.

என் கை எப்படிப்பட்டது என்று சோதித்தேன். கைப்பேசியிலுள்ள சுருதிமானியை எதிரே வைத்து, பன்னிரண்டாம் மெட்டை மெல்லத் தொட்டு மீட்டினேன். முள் நடுவில் நின்றது. என் வழக்கமான பிடியில் பிடித்து மீட்டினேன். முள் வலப்புறம் சாய்ந்தது. விரல் போய் முட்டுவதற்கு மரம் இருக்கும்போதே இந்த நிலை என்றால், மரம் விலகிவிட்டால் என் வாசிப்பு முழுவதும் சுருதி பேதமாகிவிடும். இதுநாள்வரை என் முரட்டுப் பிடியை அந்தப் பலகைதான் மறைத்து வந்திருக்கிறது!

இன்னொரு கேள்வியும் எழுந்தது. அயல்நாட்டுக் கருவி நம் இசைக்குள் வரும்போது மாறவேண்டியது கருவியா, கையா? வயலினைப் பாருங்கள். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் வந்த அந்தக் கருவியின் மரத்தில் பெரும்பாலும் எவரும் கைவைக்கவில்லை. தரையில் அமர்ந்து வாசிக்கும் முறையும் சுருதி சேர்க்கும் முறையும்தான் மாறின. மாண்டலின் ஸ்ரீநிவாஸோ தம் கருவியின் இரட்டைத் தந்திகளை விலக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கிக்கொண்டார். வேண்டியதை மாற்றுவதில் குற்றமில்லை என்பதற்கு அவரும், கையை மாற்றினாலே போதும் என்பதற்கு வயலினும் சாட்சிகள். சாட்சிகள் இரு பக்கமும் நின்றால் தீர்ப்பு எப்படிக் கிடைக்கும்?

தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். ஆசாரியார் ஒரு பழைய வீணைக்கு மேளம் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு மெழுகில் பதித்தார். ஒன்று சற்று விலகிவிட, மெழுகை இளக்கி மீண்டும் பதித்தார். என் சிக்கலைச் சொன்னேன். அவர் நிமிராமலே, “மெழுகுன்னா தப்பு பண்ணலாம் தம்பி. மரம்னா ஒரு தடவைதான்” என்றார். ஆயிரம் பக்கம் படித்தாலும் கிட்டாத தெளிவு அந்த இரண்டு வாக்கியங்களில் கிட்டியது.

வீட்டுக்கு வந்து தந்திகளைக் கழற்றிவிட்டுப் பலகையை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். முதல் நான்கைந்து மெட்டுகளுக்கு இடையில் மரம் ஏற்கெனவே தேய்ந்து, விரல்நுனி அளவுக்குச் சிறு சிறு பள்ளங்கள்! மாமா இரவிரவாய் வாசித்த வாசிப்பின் சுவடுகள் அவை. நான் அரம் போட்டால் முதலில் அழிவது அவைதான். நெஞ்சு திக்கென்றது.

அடுத்த ஞாயிறு மாமாவிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிதாரை மடியில் வைத்துச் சற்று நேரம் தடவிப் பார்த்தார். “அஞ்சாம் மெட்டுக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லடா. போனா எங்க குழுத் தலைவர் முறைப்பார். அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு இருக்கட்டும்” என்றார். பாகப்பிரிவினை அவ்வளவு எளிதாக முடிந்தது.

கோடை விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். மெட்டுகளின்மேல் காகித ஒட்டுநாடா ஒட்டினேன். காந்தச் சுருள்களில் இரும்புத்தூள் புகாதபடி மூடினேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். உடலை ஒட்டிய கடைசி ஐந்து இடைவெளிகள் மட்டும். ஆழம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டேன். பலகையின் கனமே ஐந்தாறு மில்லிமீட்டர்தான். மெட்டின் வேர் அதற்குள் இறங்கியிருக்கிறது. மெட்டை ஒட்டி அராவினால் அது ஆடிவிடும். ஒரு முறை அரம் வழுக்கிப் பத்தொன்பதாம் மெட்டில் கீறல் விழுந்தது. அது இன்றும் இருக்கிறது. பதினேழாம் மெட்டுக்குரிய வெண்புள்ளி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. சட்டைப் பொத்தான் ஒன்றை வட்டமாக ராவி அந்த இடத்தில் ஒட்டினேன். பிறகு உப்புத்தாள், கடைசியில் சிறிது எண்ணெய். ஐந்து பள்ளங்களுக்கு நான்கு நாட்கள் ஆயின.

பலன் என்ன? அந்த ஐந்து இடங்களில் தந்தி விரலுக்குள் வந்து உட்காருகிறது. இழுத்தால் இழுத்த இடத்துக்கு வருகிறது. ஆனால் முதல் இரண்டு வாரங்கள் நான் எதை வாசித்தாலும் சுருதி மேலே ஏறி நின்றது. அம்மையாரிடம் போய் மெல்லத் தொடுவது எப்படி என்று பாடம் கேட்டேன். மூன்று மாதங்களில் பிடி தளர்ந்தது. அதன்பின் ஒரு வியப்பு! அராவாத மற்ற இடங்களிலும் கமகம் ஓரளவு வரத் தொடங்கியது. தந்தியை மெல்லிய கட்டாக மாற்றியதும் துணை செய்தது. எனினும் பெரும்பங்கு கையின் மாற்றமே. ஐந்து பள்ளங்கள் எனக்கு ஆசிரியர்களாயின. இன்னும் பதினைந்து ஆசிரியர்கள் தேவைப்படவில்லை.

தோடி வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். வந்துகொண்டிருக்கிறது. சென்ற மாதம் மாமா வந்திருந்தபோது வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கிதாரை வாங்கி, தம் பக்கத்திலிருந்து பழைய பாட்டொன்றின் முன்னிசையை வாசித்தார். அவருடைய விரல்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் தேய்த்து வைத்த பள்ளங்களில் தாமாகவே போய் அமர்ந்தன.

நண்பர்களே, நம்மில் பலருக்கும் மூத்தோர் கையிலிருந்து ஏதோ ஒன்று வந்திருக்கும். அதில் கை வைக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கை வைப்பதற்கு முன் அதில் ஏற்கெனவே பதிந்திருக்கும் விரல் தடங்களை ஒரு முறை விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். அரம் எங்கும் ஓடிப்போய்விடாது.