ஒன்றே அரைக்கால் அங்குலம்

எங்கள் விடுதிக் காவலரின் மிதிவண்டியில் கீழ்க்குழாய் விரிசல் கண்டிருந்தது. கரக்பூரின் கடைகளில் கிடைத்த பதில் ஒன்றே: பிரேமையே மாற்றிவிடுங்கள். அவர் ஊதியத்தில் அது பெருஞ்செலவு. மிதிவண்டியின்றிப் பணிக்கு வர வழியும் இல்லை.

எஃகு பழுதுபார்க்க இடம் தரும் உலோகம். ‘லக்’ எனப்படும் இணைப்புக் கூட்டிலுள்ள பித்தளையை உருக்கினால், பழைய குழாயை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஆனால் அந்த வேறொன்று எங்கே கிடைக்கும்?

வெளிவிட்டம் 28.6 மி.மீ. இருந்தது. விசித்திரமான எண்ணாகத் தோன்றும் இது, பிரிட்டிஷ் மிதிவண்டி மரபின் ஒன்றே அரைக்கால் அங்குலம். தண்ணீர்க் குழாய் இதற்கு உதவாது. அங்கே ‘ஓர் அங்குலம்’ என்பது பெயரளவே. வெளிவிட்டம் ஏறக்குறைய 34 மி.மீ. ‘முக்கால் அங்குலம்’ 27 மி.மீ. அளவில் நின்று, கூட்டுக்குள் ஆடும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயைச் சூடாக்கினால் எழும் புகை காய்ச்சலையும் வரவழைக்கும்.

இறுதியில் பழைய இரும்புக் கடையில், பின்பகுதி நசுங்கிய வேறொரு நிறுவனத்தின் மிதிவண்டி கிடைத்தது. கீழ்க்குழாய் அதே விட்டம், அதே தடிமன். எடைக்கு விலை போட்டுக் கொடுத்தார்கள். பற்றவைப்பவர் ஒரு பிற்பகலில் வேலையை முடித்தார்.

பழுதுபார்க்கும் உரிமை குறித்த நம் விவாதங்கள் பெரும்பாலும் மென்பொருளையும் கையேடுகளையும் சுற்றியே நிகழ்கின்றன. இங்கே அவ்வுரிமையைச் சாத்தியமாக்கியது, இரு நிறுவனங்கள் பின்பற்றிய ஒரே அளவு. நிறுவனத்துக்கொரு வடிவம் என்றாகிவிட்டால், பற்றவைப்பவரின் திறமை மட்டும் எஞ்சியிருந்து பயனில்லை. தொழில்நுட்ப வரலாறு பயில்வோர் தொழிற்சாலை ஆவணங்களோடு பழைய இரும்புக் கடைகளையும் வாசிக்க வேண்டும்.